சாதுவான லேப்ரடார் குட்டிக்கு முதல் பாடங்கள்: பெங்களூரு வீட்டில் விளையாட்டும் பயிற்சியும்

போன மாதம் மர்ஃபி டவுனிலிருந்து ஒரு தம்பி தன் ஒன்பது வாரக் குட்டியைத் தூக்கிக்கொண்டு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். மஞ்சள் லேப்ரடார், ஆண். "அக்கா, இது ரொம்ப சாதுவா இருக்கு. பந்து போட்டா பார்க்குது, எழுந்து ஓட மாட்டேங்குது. லேப்ரடார்னா வீட்டையே புரட்டிப் போடும்னு சொன்னாங்க. இதுக்கு ஏதாவது குறையா?" என்று கேட்டான். குட்டியைச் சுறுசுறுப்பாக்க அவன் இரண்டு வாரமாக 'கீச் கீச்' பொம்மையை அதன் மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தான். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்று அவனிடம் சொன்னதைத்தான் முதல் நாய் வளர்க்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். அமைதியான குட்டி கிடைத்தால் அதை உசுப்பேற்றாதீர்கள். பயிற்சியில் மாதக்கணக்காகப் பாடுபட்டு வரவழைக்க வேண்டிய ஒன்று அதனிடம் பிறப்பிலேயே இருக்கிறது. முதல் நான்கு மாதம் விளையாடும் விளையாட்டெல்லாம் அதைக் காப்பாற்றுவதாக இருந்தால் போதும்.

லேப்ரடார் 'கன் டாக்' வகையைச் சேர்ந்தது, அதாவது துப்பாக்கி வேட்டைக்குத் துணை போகும் நாய். நம் ஊர் வேட்டை நாய்களை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் குழப்பம்தான் வரும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்டதும் பாய்ந்து துரத்துவதற்காக வளர்க்கப்பட்டவை. லேப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களோடு வேலை செய்த தண்ணீர் நாய்கள். 19ஆம் நூற்றாண்டில் அவற்றைக் கொண்டுபோய் இன்றைய இனத்தை உருவாக்கியவர்கள் பிரிட்டன்காரர்கள். 1903இல் அங்கிருக்கும் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. துப்பாக்கி வெடிக்கும்போது அசையாமல் உட்கார வேண்டும், பறவை எங்கே விழுந்தது என்று கண்ணால் குறித்துக்கொள்ள வேண்டும், போகச் சொன்ன பிறகுதான் போக வேண்டும், பல் பதியாமல் கவ்வி வந்து கையில் கொடுக்க வேண்டும். இதுதான் அதன் வேலை. பாதி நேரம் காத்திருப்பிலேயே போகும். பந்து விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குட்டி வேலையின் முதல் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

நம் நாட்டில் வேட்டை கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முடிவு கட்டிவிட்டது. உங்கள் குட்டி ஒருநாளும் துப்பாக்கியோடு போகப்போவதில்லை. ஆனாலும் வாயில் எதையாவது தூக்கிக்கொண்டு திரியும் ஆசை, மூக்கால் தேடும் ஆசை, மனிதர் முகத்தைப் பார்த்து வேலை கேட்கும் பழக்கம் எல்லாம் அதன் ரத்தத்தில் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு வழி விட்டால் இரண்டாவது மாடி வாடகை வீட்டிலும் நிம்மதியான நாய் வளரும்.

முதலில்: இது அமைதியா, நோயா?

பயிற்சிக்கு முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அமைதியான குட்டி நன்றாகச் சாப்பிடும், தூங்கி எழுந்ததும் வாலாட்டும், அதன் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும், மலம் கெட்டியாக இருக்கும். உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கலாம். சாப்பாட்டை மறுத்து, வாந்தியும் நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை போகும். மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி.

இன்னொன்று, எட்டு வாரக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு, இருபது மணி நேரம் தூங்கும். "எப்பப் பார்த்தாலும் தூங்குது" என்று கவலைப்படுபவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான். தூங்கும் குட்டியை எழுப்பி விளையாடக் கூடாது என்பதை வீட்டுப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தரையும் சொற்களும்

பெங்களூரு வீடுகளில் தரை முழுக்க வழவழ டைல்ஸ். குட்டி ஓடித் திரும்பும்போது பின்கால் விரிந்து சறுக்கும். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. சறுக்கல் அதை மோசமாக்கும். விளையாடும் இடத்தில் ரப்பர் பாயோ பழைய சணல் சாக்கோ விரியுங்கள். அந்தப் பாய்தான் பயிற்சிக்கூடம். குட்டி படிக்கட்டில் ஏறி இறங்கவும் வேண்டாம், சோபாவிலிருந்து குதிக்கவும் வேண்டாம். ஒரு வயது வரை எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும். மாடியிலிருந்து தூக்கிக்கொண்டே இறங்குங்கள்.

அடுத்தது சொற்கள். உட்கார், இரு, எடு, கொடு, தேடு. இந்த ஐந்தும் போதும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அம்மா "உக்காருடா தங்கம்" என்பார், பிள்ளை "சிட்" என்பான், வாசலில் வாட்ச்மேன் கன்னடத்தில் "கூத்கோ" என்பார். பாவம், குட்டி யார் சொல்வதைக் கேட்கும்? ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

'வா' என்ற சொல்லை அந்தப் பட்டியலில் நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. தமிழ் வீட்டில் நாள் முழுக்க யாராவது யாரையாவது 'வா' என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். சாப்பிட வா, உள்ளே வா, அப்புறம் வா. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் 'பா' என்றாலும் குட்டியின் காதுக்கு ஏறக்குறைய அதே ஓசைதான். இப்படி ஒரு நாளில் நூறு தடவை காதில் விழுந்து ஒன்றும் நடக்காமல் போகும் சொல்லைக் குட்டி ஏன் மதிக்க வேண்டும்? அதனால் கூப்பிடுவதற்கு ஒரு விசில் வாங்குங்கள். ரிட்ரீவர் (லேப்ரடாரைப் போல விழுந்ததை எடுத்துவரும் நாய்) வளர்ப்பவர்கள் வழக்கமாக ஆக்மி 211.5 என்ற எண்ணுள்ள விசிலைப் பயன்படுத்துவார்கள். எந்த விசிலானாலும் ஒரே ஓசையில் ஊத முடிந்தால் போதும். சின்னச் சின்னதாக 'பிப் பிப் பிப்' என்றால் 'என்னிடம் வா'. பின்னால் நீளமாக ஒருமுறை ஊதினால் 'நின்று என்னைப் பார்'. ஆனால் அந்த நீள விசில் இந்த வயதுக்குத் தேவையில்லை.

விசிலைப் பழக்குவது சுலபம். சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தரையில் வைக்கும் அதே நொடியில் மெதுவாக 'பிப் பிப் பிப்'. ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். இரண்டாவது வாரம் அடுத்த அறையிலிருந்து ஊதுங்கள். குட்டி ஓடி வரும். வராது என்று தெரிந்தால் ஊதாதீர்கள். அது வேறு எதிலோ மூழ்கியிருக்கும்போது ஊதி ஊதிப் பார்த்தால் விசிலும் 'வா' போலத்தான் ஆகிவிடும்.

'உட்கார்' என்பதையும் கிண்ணத்தைக் கொண்டே கற்றுக்கொடுக்கலாம். கிண்ணத்தை மெல்லக் கீழே இறக்குங்கள். குட்டி எழுந்து பாய்ந்தால் கிண்ணம் மேலே போகட்டும், உட்கார்ந்தால் கீழே வரட்டும். திட்டவும் வேண்டாம், முதுகை அழுத்தவும் வேண்டாம். சாதுவான குட்டிக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுக்குள் புரிந்துவிடும். புரிந்த பிறகு, கிண்ணம் தரையைத் தொட்ட பின்னும் ஒரு நொடி 'இரு'. மறுநாள் இரண்டு நொடி. பத்து நொடிக்கு மேல் போகாதீர்கள். குழந்தையின் பொறுமையைச் சோதிப்பது நம் நோக்கம் அல்ல.

முதல் தூக்கல்

எறிந்த பொருளைக் குட்டி கவ்வித் தூக்கி வரும் பாடம் இது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

பொருள்: பழைய காலுறைக்குள் இன்னொரு காலுறையைச் சுருட்டித் திணித்து முடிச்சுப் போட்டது. அவ்வளவுதான். எறிந்து எடுத்துவரப் பழக்குவதற்காகக் கடைகளில் கிடைக்கும் கான்வாஸ் டம்மி பெரிய நாய்க்கானது, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். குட்டியின் கழுத்துக்கு அது கனம். பொம்மைகளோடு இதைப் போட்டு வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் அலமாரிக்குள் போய்விட வேண்டும். எந்நேரமும் காலடியில் கிடக்கும் பொருளுக்கு மதிப்பு இருக்காது.

இடம்: எல்லாக் கதவும் சாத்திய குறுகலான நடை. ஒரு முனையில் நீங்கள். குட்டி பொருளை எடுத்ததும் அதற்குப் போக ஒரே வழி உங்கள் பக்கம்தான்.

நேரம்: காலைச் சாப்பாட்டுக்கு முன். பெங்களூருவின் ஆறு மணிக் குளிர்ச்சியில் குட்டிக்கு உற்சாகம் தானாக இருக்கும், நாம் ஊட்ட வேண்டியதில்லை.

தரையில் உட்காருங்கள். குட்டியை ஒரு கையால் நெஞ்சில் அணைத்துக்கொண்டு காலுறையைத் தாழ்வாக, தரையில் உருளும்படி, ஐந்தாறு அடி தள்ளி எறியுங்கள். எறியும்போது கூச்சல் வேண்டாம். அது பார்க்கட்டும். பார்த்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

என் லேப்ரடார் தேனுவுக்கு முதல் தடவை எறிந்தபோது அவளுக்கும் ஒன்பது வாரம்தான். அவள் ஓடவில்லை, நடந்துதான் போனாள். காலுறையைச் சுற்றி ஒரு அரை வட்டம் வந்தாள், முகர்ந்தாள், ஒரு நுனியை மட்டும் கவ்வினாள். தூக்கியதும் மறுமுனை முன்காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகப் பார்த்துக் கையை நீட்டினால் 'பிடுங்க வருகிறாள்' என்று குட்டிக்குத் தோன்றும். அரை நிமிடம் ஆகியிருக்கும். நகங்கள் தரையில் தட்டும் சத்தம் மெல்லக் கிட்டே வந்தது. காலுறையோடு தாடையை என் தொடைமேல் வைத்தாள். ஈரம் சேலையில் ஊறியது. காலுறையைத் தொடாமல் அவள் மார்பைத் தடவிக்கொடுத்துக்கொண்டே மனத்துக்குள் பத்து வரை எண்ணினேன். எட்டிலேயே வாய் தளர்ந்தது. "கொடு" என்று மெதுவாகச் சொல்லி உள்ளங்கையை அடியில் பிடித்தேன். அவளே கையில் போட்டாள்.

அன்றைக்கு அதோடு முடித்துக்கொண்டோம், ஒரே ஒரு தூக்கலோடு.

கொண்டுவந்த பொருளை உடனே வாங்கிவிடாதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் தகும். குட்டிக்கு அது புதையல். அருகில் வந்தால் புதையல் பறிபோகும் என்று தெரிந்தால் அடுத்த தடவை கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். அருகில் வந்தால் தடவிக்கொடுப்பார்கள் என்று தெரிந்தால் உங்கள் மடிக்கே வரும். அதே காரணத்துக்காக, குட்டி உங்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் திட்டாதீர்கள். "அடடே, எங்க அம்மாவுக்குச் செருப்பு கொண்டுவந்தியா" என்று மார்பைத் தடவிவிட்டு, வாயிலிருந்து பக்குவமாக வாங்கி, செருப்பை மேலே வையுங்கள். துரத்தவே துரத்தாதீர்கள். இரண்டு தடவை துரத்தினால் போதும், தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் ஆட்டம் என்று அது கற்றுக்கொள்ளும். கயிறு இழுக்கும் ஆட்டத்தையும் இந்த வயதில் நான் அனுமதிப்பதில்லை. மென்மையாகக் கவ்வும் வாய் இந்த நாய்களுக்கு வரம். இறுக்கிப் பிடித்து உலுக்குவதை நாமே ஏன் சொல்லித்தர வேண்டும்?

ஒரு வாரத்துக்குப் பிறகு ஒருநாளைக்கு மூன்று எறிதல் வரை போகலாம். மூன்றில் இரண்டை நீங்களே எழுந்துபோய் எடுங்கள். குட்டி மடியில் உட்கார்ந்து பார்க்கட்டும். விழுவதெல்லாம் தனக்குத்தான் என்று அது நினைக்கக் கூடாது. இந்தக் கணக்கு சின்னதாகத் தெரியும். ஆனால் இதை விட்டதால்தான் என் முதல் லேப்ரடாரை இழந்தேன் என்பேன். உயிர் போகவில்லை, நிம்மதி போய்விட்டது. அவனும் சாதுவாகத்தான் வந்தான். "டிரைவ் (துரத்தும் வேகம்) பத்தாது, ஏத்திவிடணும்" என்று சொன்ன ஒரு பயிற்சியாளரின் பேச்சைக் கேட்டு தினமும் டென்னிஸ் பந்து ஐம்பது தடவை, அறுபது தடவை எறிந்தேன். ஒரு வயதில் பந்தைக் கண்டாலே உடம்பு நடுங்கி ஊளையிட ஆரம்பித்தான். கடைசிவரை அது முழுசாக மாறவில்லை. அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது.

அப்படியும் எழுந்து போகவில்லையென்றால்

சில குட்டிகள் காலுறையைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விடும். பதறாதீர்கள். பொருளை அதன் முகத்துக்கு நேரே ஆட்டாமல், அதைவிட்டு விலகிப் போகும்படி தரையில் இழுத்துக் காட்டுங்கள். ஓடும் பொருளைத்தான் குட்டி பின்தொடரும், மேலே வந்து விழும் பொருளிடமிருந்து ஒதுங்கும். அதிலும் ஆர்வம் இல்லையென்றால் எறிவதை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மூக்கு வேலைக்குப் போங்கள்.

மூன்று எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து, ஒன்றுக்கு அடியில் வேகவைத்த கோழித்துண்டு. "தேடு." மூக்கால் தட்டியதும் டம்ளரைத் தூக்கிக் கொடுங்கள். சைவ வீடு என்றால் பனீர் துண்டு போதும். பிறகு பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பின்னால், கதவு மூலையில், பாய் மடிப்பில். (அரளிச் செடி இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள், அது விஷம். உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் மூன்றும் பரிசாகக்கூட வேண்டாம்.) நாலைந்து நாளில் கோழித்துண்டுக்குப் பதில் காலுறையை ஒளித்து வையுங்கள். ஓட மறுத்த குட்டி மோப்பம் பிடித்து அதைக் கண்டுபிடித்த பெருமையில் தலையை நிமிர்த்தித் தூக்கி வரும். அமைதியான குட்டிகளுக்கு மூக்கு வேலைதான் சரியான வாசல் என்பது என் அனுபவம்.

நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் 28 பால்பற்கள் விழுந்து 42 நிலையான பற்கள் முளைக்கும். ஈறில் ரத்தம் கசியும். அந்தச் சமயத்தில் காலுறை வேலையை நிறுத்திவிடுங்கள். வாய் வலிக்கும்போது கவ்வச் சொன்னால் கவ்வுவதே வலி என்று அது மனத்தில் பதித்துக்கொள்ளும். நனைத்து ஃபிரீசரில் வைத்த துணி கொடுங்கள், கடித்துக்கொண்டு கிடக்கட்டும்.

வெளியே

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி எதைச் சாதாரணமாகப் பார்த்துப் பழகுகிறதோ அதற்குப் பின்னாளில் பயப்படாது. ஆனால் தடுப்பூசி முடியாமல் தெருநாய்கள் புழங்கும் இடத்தில் இறக்கிவிடவும் முடியாது. வழி ஒன்றுதான், தூக்கிக்கொண்டு போங்கள். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் குட்டி. அல்சூர் பஜாரில் பூக்கடை ஓரம், ஆட்டோ ஸ்டாண்ட் பக்கம், மெட்ரோ ரயில் தலைக்கு மேல் போகும் இடம். பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வாருங்கள். "சோ க்யூட்" என்று வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டாம். மனிதர்களைப் பார்த்தும் சும்மா இருப்பதுதான் பாடம்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதுவான குட்டி அமைதியாக இருக்கிறதா, பயத்தில் உறைந்திருக்கிறதா என்று வெளியே கண்டுபிடிப்பது கடினம். ஒரு கோழித்துண்டை மூக்கருகே நீட்டுங்கள். வாங்கிச் சாப்பிட்டால் அமைதி. வீட்டில் பறந்து வந்து சாப்பிடும் குட்டி இங்கே முகத்தைத் திருப்பினால், காது பின்னால் மடங்கி வால் அடிவயிற்றோடு ஒட்டியிருந்தால், அது பயம். இருபது அடி பின்னால் போங்கள். மறுபடி நீட்டுங்கள். வாங்கும் தூரம்தான் இன்றைக்கு அதன் எல்லை.

சத்தத்துக்கு வீட்டிலேயே ஒரு ஆசான் இருக்கிறது, குக்கர். காலையில் குக்கர் விசில் அடிக்கும் நேரமும் குட்டியின் சாப்பாட்டு நேரமும் ஒன்றாக இருக்கட்டும். முதலில் கூடத்தின் மறுகோடியில் கிண்ணம், பிறகு மெல்ல மெல்ல அடுக்களை வாசல் வரை. சத்தம் வந்தால் நல்லது வரும் என்று பழகிய குட்டி தீபாவளியையும் ஓரளவு தாங்கும். பட்டாசை வேண்டுமென்றே அருகில் வெடித்துப் 'பழக்குவது' வேண்டவே வேண்டாம். ஒரே நாளில் ஆயுளுக்கும் பயம் பிடித்துவிடும்.

லேப்ரடாரைத் தண்ணீருக்குள் விட ஆசை வரும். அல்சூர் ஏரியிலோ நகரத்தின் வேறு எந்த ஏரியிலோ இறக்காதீர்கள். கழிவுநீர் கலக்கும் தண்ணீர் அது; எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் மனிதருக்கும் தொற்றும். மொட்டைமாடியில் அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் ஒரு காலுறை. அந்த வயதுக்கு இதுவே கடல். புல்வெளிக்குப் போய் வந்த நாட்களில் விரலிடுக்கு, காதின் உட்பக்கம், கழுத்துப்பட்டைக்கு அடியில் என்று உண்ணி பாருங்கள். பெங்களூருவில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணமாக வரும்.

பதினாறு வாரம் கடந்து ஊசிகள் முடிந்த பிறகு, ஞாயிறு விடியற்காலையில் கூட்டம் வருமுன் கப்பன் பூங்காவுக்கு நீளக் கயிற்றோடு போகலாம். அங்கே புறாக்கள் இருக்கும். துரத்த விடாதீர்கள், உட்கார்ந்து பார்க்க விடுங்கள். பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் அந்த நொடியில் கோழித்துண்டு வாய்க்குள் போக வேண்டும்.

மர்ஃபி டவுன் தம்பி கீச்சுப் பொம்மையைத் தூக்கி வைத்துவிட்டான். குட்டி நேற்று வரை நடையில் நாலு தடவை காலுறையைத் தூக்கியிருக்கிறது. ஒருமுறை பாதி வழியில் அதன்மேலேயே படுத்துத் தூங்கிவிட்டதாம். தூங்கட்டும் என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு மாடியில், தொட்டிகளுக்கு நடுவே 'தேடு' தொடங்குகிறோம். கோழியை வேகவைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், உப்பு போடாமல், விரல் நகம் அளவுத் துண்டுகளாக.